சுவர்த் துளை வழியாக வந்த இங்கிலீஷ்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கிலீஷில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக் கற்றதைச் சொல்வார். இன்னொருவர் மில் வாசலில் நின்று கற்றதைச் சொல்வார். பட்டாளத்துக்குப் போய்வந்தவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்கினதே இல்லையே, இத்தனை பாஷை எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்கள். ஊர் சுற்றியதில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி எழுந்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் முதலில் கற்றது ஊர் சுற்றி ஒட்டியதல்ல. யாரும் சொல்லாமல், நானாக முடிவுசெய்து, ஒரு கோடையில் கற்றுக்கொண்டேன். அந்தக் கோடையை நினைத்தால் இந்த வயதிலும் காது சூடாகிறது.

கதர்க்குல்லாய்க்காரர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியலுக்குப் போய் உட்கார்ந்த காலம் அது. என் அப்பா கால்வாயில் லஸ்கர். மடைகளுக்குக் காவல் இருப்பதும், முறை வரும்போது சாவி போட்டு மடை திறப்பதும், முறை முடிந்ததும் அடைப்பதும் அவர் வேலை. மார்பில் குறுக்காக ஒரு தோல்வார், அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வில்லை. அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. தேய்த்து முடித்தால் விரலில் பித்தளை வாடை நாள் முழுக்க இருக்கும். சமயநல்லூரைத் தாண்டிக் கால்வாய்க் கரையில் லஸ்கர்களுக்கென்று கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். வில்லை இருக்கும்வரை வீடு. வில்லை போனால் மறுநாளே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டிருந்தேன். அப்பாவுக்கு மடை மாற்றினார்கள். புது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எட்டாத தூரமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் நின்ற வருஷம்தான் இங்கிலீஷ் ஆரம்பித்திருந்தார்கள். வாத்தியார் ஒரு வரி சொல்வார், நாங்கள் அதையே கூட்டமாகக் கத்துவோம். என்ன கத்துகிறோம் என்று எங்களுக்கும் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியுமா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்தச் சித்திரையில் கால்வாய் வற்றிக் கிடந்தது. மடைகளைப் பழுதுபார்க்க ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்து கரையோர பங்களாவில் முகாம் போட்டார். புதிதாக வந்தவர். தமிழில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் மேல் ஒரு வார்த்தை தெரியாது. கூடவே துரைசானியும், காது தொங்கிய ஒரு நாயும். கோரிப்பாளையத்திலிருந்து ஒரு பட்லர் பாய் சமையலுக்கு வந்திருந்தார். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வதற்கு, லஸ்கர்களுக்கு மேலதிகாரியான ஓவர்சியர் இருந்தார். பங்கா இழுக்க ஒரு பையன் வேண்டும் என்று கேட்டபோது அப்பா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மின்விசிறி பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பங்கா தெரியாது. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட சட்டத்தில் துணியைக் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு கயிறு சுவரில் உள்ள துளை வழியாகப் பின் வராந்தாவுக்கு வரும். இழுத்து இழுத்து விட்டால் உள்ளே காற்று வீசும். கை வலித்தால் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு காலை ஆட்டுவேன். கட்டைவிரலில் தோல் உரிந்து, பிறகு காய்த்துப்போயிற்று. உள்ளே வீசும் காற்றில் ஒரு துளிகூட எனக்கு வராது. துளை வழியாக வந்ததெல்லாம் சுருட்டு வாடையும் இங்கிலீஷும்தான்.

சும்மா படுத்துக் கிடப்பவனுக்கு என்ன வேலை? கேட்க ஆரம்பித்தேன்.

முதல் சொல் துளை வழியாக வந்ததல்ல. அது முற்றத்தில் கிடைத்தது. ஒருநாள் காலை லஸ்கர்களை வரிசையாக நிறுத்தி துரை பார்வையிட்டார். என் அப்பாவுக்குக் கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. மடைச்சாவியைத் திருப்பித் திருப்பி அப்படி ஆனது. துரை அவர் எதிரில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட், மேன்!" என்றார். ஓவர்சியர் அதைத் தமிழாக்க வாயைத் திறப்பதற்குள் அப்பா குதிகாலைச் சேர்த்து, மோவாயைத் தூக்கி, வில்லையை நேராக இழுத்துவிட்டு விறைத்து நின்றுவிட்டார்.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏதோ திறந்தது போல் இருந்தது. ஒரு சத்தம் வருகிறது, உடனே ஒன்று நடக்கிறது. நடப்பதைப் பார்த்தால் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்துவிடுகிறது. இதற்கு வாத்தியார் எதற்கு?

அன்றிலிருந்து அதுதான் என் வழி. துளையில் காதை வைப்பேன். "கம் ஹியர்" என்று கேட்டதும் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். பட்லர் பாய் ஓடிவருவார். சரி, அது "இங்கே வா". "ஷோ மீ யுவர் ஹாண்ட்ஸ்" என்றதும் தண்ணீர் தூக்குகிற ஆள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். "ஹரி அப்" என்றால் எல்லாரும் நடையைக் கூட்டுவார்கள். "கெட் அவுட்" என்றால் வந்தவர் போய்விடுவார். ஒரு தடவை கேட்டதை நம்ப மாட்டேன். மறுபடி கேட்டு, மறுபடி அதே காரியம் நடந்தால்தான் எடுத்துக்கொள்வேன். துரையும் துரைசானியும் மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவதும் கேட்கும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எதுவும் நடக்காது. யாரும் எழ மாட்டார்கள், எதுவும் நகராது. அதனால் அது எனக்கு ஓடைச் சலசலப்பு மாதிரிதான் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

எடுத்துக்கொண்டதைப் பழக ஆள் வேண்டுமே. என் தங்கச்சி இருந்தாள். கரையில் அவளை நிறுத்தி, கையைப் பின்னால் கட்டி, கனைத்து, "கம் ஹியர்!" என்பேன். வருவாள். "கெட் அவுட்!" என்பேன்.

"இப்பத்தானண்ணே வரச் சொன்ன?"

"துரை அப்படித்தான். வரச் சொல்வாரு, உடனே போகச் சொல்வாரு."

"அப்ப அவருக்குக் கிறுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலியில் ஓணான் பார்க்கப் போய்விடுவாள். அதன்பிறகு எருமைக்கன்றிடம் பேசினேன். கன்று பொறுமையாகக் கேட்டது.

சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. துரையின் கனைப்பு, கடைசிச் சொல்லைச் சாட்டை மாதிரிச் சொடுக்குவது, பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆளின் தலைக்கு மேலே பார்ப்பது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். மடை வேலைக்கு மண் சுமக்கும் பெண்களுக்கு எதிரே ஒருநாள் நின்று, "ஹரி அப்! ஹரி அப்! வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்!" என்று கத்தினேன். ஒரு அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடி ஆத்தாடி! துரைதான் வந்துட்டாருன்னு பதறிட்டேன். லஸ்கரு மகனா நீயி? நல்லா இருப்ப, என் நெஞ்சு இன்னும் அடிக்குது."

"சின்னத் தொரை, எங்களுக்கு மோரு வாங்கிக் கொடுக்குறது!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு மரியாதையும் இருந்தது. என்னோடு மாடு மேய்த்த சிநேகிதன் மட்டும், "மாப்ள, நீ பேசுறது இங்கிலீஷா, இல்ல இருமலா?" என்று கேட்டான். அவனோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

இந்தச் செய்தி அப்பா காதுக்கும் போயிற்று. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "எவன்கிட்டயும் போயி நிக்கல, தானாக் கத்துக்கிட்டான். வேற எவன் பெத்த பிள்ளை இப்படி இருக்கும்?"

இங்கே பட்லர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இங்கிலீஷ் பேசுவார். ஆனால் அந்த இங்கிலீஷ் வேறு. உடம்பைக் கொஞ்சம் வளைத்து, "ப்ளீஸ் சார், எக்ஸ்கியூஸ் சார், மை மிஸ்டேக் சார், காட் பிளெஸ் சார்" என்று எல்லாவற்றுக்கும் ஒரு சார் போட்டுப் பேசுவார். கறி கருகிப்போனாலும், தேநீர் ஆறிப்போனாலும், ஊருக்குப் போக ஒருநாள் வேண்டுமென்றாலும் அந்த நாலைந்து சொல்லை வைத்தே சமாளித்துவிடுவார். துரை உறுமுவார், பிறகு தலையை ஆட்டிவிடுவார். ஓவர்சியர் அதைக் கேட்டு எங்கள் எதிரிலேயே, "அடுப்படி இங்கிலீஷு" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு வேண்டியது துரையின் இங்கிலீஷ். வளைந்து பேசுவதைக் கற்க எந்த முட்டாளாவது மெனக்கெடுவானா? பாய் பேச வாயைத் திறந்தால் நான் துளையிலிருந்து காதை எடுத்துவிடுவேன். என்ன கற்க வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவுசெய்யும் எசமான் நானே அல்லவா!

ஆனியில் தண்ணீர் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வரும் நாளில் கால்வாய்க்கு ஒரு மணம் உண்டு. காய்ந்த சேறு நனைகிற மணமும், முன்னால் அடித்துக்கொண்டு வரும் சருகின் மணமும். நாங்கள் தண்ணீரின் நுனிக்கு முன்னால் ஓடுவோம். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதல் தண்ணீர் கடைமடைக்குப் போக வேண்டும். கடைசி ஊர் நனைந்த பிறகுதான் மேல்மடைகளைத் திறக்கலாம். மேலே இருப்பவன் முதலில் எடுத்தால் கீழே இருப்பவனுக்கு எதுவும் மிஞ்சாது என்பதால் வந்த வழக்கம்.

இரண்டாம் நாள் அந்தி நேரம். ஓவர்சியர் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். மேல்மடைப் பண்ணையாருக்கு நாற்றங்கால் காய்கிறது, கொஞ்ச நேரம் திறந்துவிட்டு அடைத்துவிடு என்றார். அப்பா தயங்கினார். "கடைமடைக்கு இன்னும் போய்ச் சேரலங்கய்யா."

"சொன்னதைச் செய்யிய்யா. நான் பாத்துக்குறேன்."

அப்பா திறந்தார். மறுநாள் கடைமடை ஊர்க்காரர்கள் கூட்டமாக பங்களாவுக்கு வந்துவிட்டார்கள். முற்றத்தில் ஒரே கூச்சல். ஓவர்சியர் துரையிடம் என்ன சொன்னாரோ, திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "லஸ்கர் தானாத் திறந்திருக்கான். நாளைக்குக் காலையில விசாரணை. குத்தம் உண்டுன்னா வில்லையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அப்பா வில்லையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆத்தா கேட்டாள், "உள்ளதைத் துரைகிட்டச் சொன்னா என்ன?"

"யாரு மூலமாச் சொல்ல? நான் தமிழ்ல சொல்வேன். அதை இங்கிலீஷாக்குறது அந்த ஓவர்சியருதான? தான் சொல்லித்தான் தெறந்தான்னு அந்தாளு வாயாலயே சொல்லுவாரா?" பிறகு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "நீ சொல்லுப்பு. ஓவர்சியரு சொல்லித்தான் அப்பா தெறந்தாரு, புள்ளைகுட்டிக்காரரு, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க. இம்புட்டுத்தான். சொல்லிருவேல்ல?"

"சொல்லிருவேன்" என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

"எதுக்கும் அந்தப் பட்லரு பாய ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாயேன்" என்றாள் ஆத்தா.

போனேன். பங்களாச் சமையலறைப் படியில் அவர் செங்கல் பொடி வைத்துக் கத்திகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். "வா தம்பி. எல்லாம் கேள்விப்பட்டேன். நான் வாயத் தெறந்தா ஓவர்சியரு எஞ் சோத்துல மண்ணப் போட்ருவாரு. ஆனா உனக்குச் சொல்லித் தாரேன். எப்படி நிக்கணும், எப்படிக் கேக்கணும்னு. நாலே வார்த்தைதான்."

"அடுப்படி இங்கிலீஷ் எனக்கு வேணாம்" என்றேன்.

அவர் கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தார். "அதுவும் சரிதான். அடுப்படியில நிக்கிறவனுக்கு அதுதான வரும்" என்று சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது, கரையில் நடந்தபடியே, சொல்ல வேண்டியதை மனதுக்குள் இங்கிலீஷாக்கிப் பார்த்தேன். "மன்னித்துவிடுங்கள்" என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. "அவர் சொல்லித்தான்" என்பதற்கு இல்லை. "பிள்ளைகுட்டிக்காரர்" என்பதற்கு இல்லை. பரவாயில்லை, துரையின் முன்னால் நின்றால் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை தானாகத்தானே வந்தது.

காலையில் முன் வராந்தாவில் துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துரைசானி பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து நாய்க்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓவர்சியர் ஒரு பக்கம். பட்லர் பாய் தட்டோடு கதவோரம். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படிக்குக் கீழே மண்ணில் நின்றார். ஓவர்சியர் ஏதோ சொல்லி முடித்தார். அப்பா என் முதுகில் கையை வைத்து முன்னே தள்ளினார். "எம் மகன் பேசுவான் எசமான்."

துரை புருவத்தைத் தூக்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. தொண்டை தானாகக் கனைத்தது. பார்வை துரையின் தலைக்கு மேலே போயிற்று. "ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட், மேன்!" என்றேன்.

அதைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. பங்காக் கயிறு மாதிரி ஒன்றை இழுத்தால் அடுத்தது வந்தது. "கம் ஹியர்! ஷோ மீ யுவர் ஹாண்ட்ஸ்! வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்!" கதவோரத்திலிருந்து, "ப்ளீஸ் சார் சொல்லுடா, ப்ளீஸ் சார்" என்று பாய் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. விழுந்து என்ன? நாக்கு அந்தப் பக்கம் வளைந்து பழகவில்லை. "ஹரி அப்!" என்று முடித்தேன்.

நாய் பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துரைசானி சிரித்தாள். அடுத்து துரை. கண்ணில் நீர் வர, தொடையைத் தட்டிச் சிரித்தார். உள்ளே தங்கியிருந்த விருந்தாளியைக் கூப்பிட்டு வெளியே வரவைத்து, என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கனைப்போடு சொல்லச் சொல்லித் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கனைத்துச் சொன்னேன். எனக்குப் புரியாத சலசலப்பில் மூவரும் பேசிக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். துரைசானி டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நாய்க்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓவர்சியரிடம் எதையோ சுருக்கமாகச் சொல்லிக் கையை வீசினார். "போகலாமாம். வில்லை இருக்கட்டுமாம்" என்றார் ஓவர்சியர்.

ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாயைத் தவிர, நான் பேசியது ஒவ்வொன்றும் புரிந்தவர் எங்கள் பக்கம் அவர் ஒருவர்தான். தன் பெயர் வராமல் தப்பித்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபமாக இருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வராந்தாவில் நின்றுதானே அந்தப் பாஷையைக் கற்றிருப்பார். அன்று நடந்ததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கரைமேல் நடந்தோம். கால்வாயில் தண்ணீர் முட்டப் போய்க்கொண்டிருந்தது. அப்பா கேட்டார். "என்னப்பு சொன்ன? அம்புட்டுப் பேரும் சிரிச்சாகளே?"

பிஸ்கட் என் உள்ளங்கையில் ஈரமாகிக் கரைந்துகொண்டிருந்தது. "ஓவர்சியரு செஞ்சதச் சொன்னேன்பா. அவரு மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சாக."

"எப்படிச் சொன்ன? தமிழ்ல சொல்லு பாப்போம்."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்கப்பா தண்ணிக்குக் காவல் நிக்கிறவரு, தண்ணியத் திருடுறவரு இல்ல. அவரு கை சாவியத் திருப்புச்சு. திருப்பச் சொன்ன வாயி வேற. கையத் தண்டிச்சா வாய்க்கு எப்படி உறைக்கும்? அப்படின்னு கேட்டேன்."

அப்பா நின்றுவிட்டார். "கையத் தண்டிச்சா வாய்க்கு எப்படி உறைக்கும்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அட, அட" என்றார். என் தலையில் கையை வைத்தார். பிறகு வீடுவரை கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு ஊர்ச்சொத்தாகிவிட்டது. அப்பா அதைத் தேநீர்க்கடையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், மடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில், ஒரு சொல் மாறாமல். ஆட்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நிலத் தகராறு, வரி பாக்கி, பையனுக்கு வேலை. "தம்பி வந்து ரெண்டு வார்த்தை துரைகிட்டச் சொன்னாப் போதும்." நான் காய்ச்சல் என்பேன், தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். கொஞ்ச நாளில் கடைமடை ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். மகனை ஏதோ வழக்கில் பிடித்துப் போயிருந்தார்கள். நான் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றார். பின்வாசல் வழியாக இறங்கி, வயல் வழியே சமயநல்லூர் ஸ்டேஷனுக்கு ஓடி, வந்து நின்ற வண்டியில் ஏறிவிட்டேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. நான் ஊரைவிட்டுப் போனது உலகம் பார்க்கும் ஆசையில் என்று நீங்கள் எல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் கோலார், பம்பாய், ரங்கூன். சுரங்கம், கப்பல்துறை, ஹோட்டல் பின்கட்டு. சாப்பிடாத நாட்களும் உண்டு. அது பெரிதில்லை, கூடப் படுத்திருந்தவர்களும் சாப்பிடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாஷையை நானாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் வழியை மாற்றிக்கொண்டேன். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது பணிந்து கேட்கும் சொற்களைத்தான். தண்ணீர் கொடுங்கள், இடம் கொடுங்கள், தெரியாமல் செய்துவிட்டேன், தயவுசெய்யுங்கள். அவற்றை அந்தந்த ஊரில் மூட்டை தூக்குபவர்களிடமும் அடுப்படியில் நிற்பவர்களிடமும்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலீஷையும் அப்படியே மறுபடி அடியிலிருந்து கற்றேன். கோரிப்பாளையத்துப் பாய் நாலே வார்த்தை என்று சொன்னது சரியாகத்தான் இருந்தது.

யுத்தத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது கால்நடையாக வந்தவர்களோடு நானும் வந்து சேர்ந்தேன். ஆத்தா போய்விட்டிருந்தாள். அப்பா ஆரப்பாளையத்தில் தங்கச்சி வீட்டில், கட்டிலில் படுத்த படுக்கையாக இருந்தார். வில்லையை வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்களாம். மார்பில் அந்த வார் கிடந்த தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. என்னை அடையாளம் கண்டதும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர்களுக்கு முழுக்கதையையும் சொன்னார். அதே வரிசை. கையைத் தண்டித்தால் வாய்க்கு எப்படி உறைக்கும். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பிறகு என்னிடம், "அன்னைக்குத் துரைகிட்டச் சொன்னியே, அத இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லுப்பு. கேக்கணும் போல இருக்கு" என்றார்.

இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. கட்டிலின் காலருகே நின்று, அந்தத் தமிழ்ப் பேச்சு முழுவதையும் நல்ல இங்கிலீஷில் சொன்னேன். தயவுசெய்து என்று தொடங்கி, மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு நீ இப்படிச் சொல்லல. இதுல கெஞ்சுற சத்தம்ல வருது. அன்னைக்கு நிமிந்து நின்னு பேசுன. அப்படிச் சொல்லு."

"அண்ணே, கேக்குறாருல்ல, சொல்லேன்" என்றாள் தங்கச்சி.

வேறு வழியில்லை. கையைப் பின்னால் கட்டினேன். கனைத்தேன். சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டு, "ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட், மேன்!" என்றேன்.

போர்வைக்குள் அப்பாவின் கால்கள் அசைந்தன. இரண்டு குதிகாலும் ஒன்றாகச் சேர்ந்தன. மோவாய் தலையணையிலிருந்து மேலே எழும்பியது. ஒரு கை மார்புக்குப் போய், அங்கே இல்லாத வில்லையை நேராக இழுத்துவிட்டது.

"ம், இதான்" என்றார். உதட்டில் சிரிப்பு இருந்தது. "இதான் அன்னைக்குச் சொன்னது."

நான் கையைப் பின்னாலிருந்து எடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டதே அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்துத்தான்.